தென்னை நிற்காத வீடு

தேங்காயாக்கும் விழுந்தது டாக்டரே, என்றாள் ஜெபஷீலா.
போன தடவையும் தேங்காய்தான்.
அதற்கு முந்தி, சித்திரையில், கல்படியில் உருண்டது.

மேசைமேல் லில்லி. நாட்டு நாய், பெட்டை, மூன்று வயது.
வாலை ஆட்டுகிறது.
இந்த வால்தான் என்னைப் பலகாலம் ஏமாற்றியது.
அடிவாங்குகிற நாய் வாலாட்டாது என்று நினைத்திருந்தேன்.
ஆட்டும்.
நான் கையைத் தூக்கியபோது மட்டும்
(ஃபேன் சுவிட்சைப் போடத்தான்)
கண்ணை இறுக மூடி
மேசையோடு மேசையாக ஒட்டிப்போனது.

வண்டி தட்டியிருக்கும், என்றார் ஞானசிகாமணி அண்ணன்.
வண்டி இழுத்துப்போட்ட நாய்க்கு நகம் தேய்ந்து பிளந்திருக்கும்.
இதன் நகங்கள் பதினெட்டும் அழகாக இருக்கின்றன.
கண்வெள்ளையில்தான் ரத்தம்.
முதுகில் ரோமம் போய் ஒரு பட்டை,
அதிலிருந்து இருபக்கமும் கோடுகோடாக இறங்கிய புண்.
ரப்பர்பால் உறையவைக்கிற ஆசிட்டின் வாசம்
அருமனையில் எந்த மூக்குக்கும் தெரியும்.
மேலிருந்து ஊற்றினால்தான்
இப்படி வழியும்.

நாகர்கோவிலில் எடுத்துவந்த எக்ஸ்ரேயை
ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.
மழைக்கோள். வெளிச்சம் போதவில்லை.
ஆனாலும் தெரிந்தது, இடப்பக்கம் மூன்று விலா.
ஒன்று முடிச்சுப்போட்டுக் கூடி முடிந்துவிட்டது.
ஒன்று இப்போதுதான் கூடுகிறது.
ஒன்றின் முனைகள் இன்னும் ஒன்றையொன்று தேடுகின்றன.

வாசலில் பைக். எஞ்சினை அணைக்கவில்லை.
அவன் உள்ளே வரவில்லை,
ஒரு முறுக்கு முறுக்கினான், அவ்வளவுதான்.
மேசையில் மூத்திரம் பரவியது.

ஜெபஷீலா தன் ஷாலாலேயே துடைக்கக் குனிந்தாள்.
சட்டைக்கை மேலே ஏறியது.
முழங்கைக்கு மேல் நான்கு விரல், நீலமாக.
ஐந்தாவது மறுபக்கம் இருக்கும்.

நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் படித்தவள்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
"வீட்டுல எத்தன தென்ன நிக்கு?" என்றேன்.
அவள் வெகுநேரம் எண்ணினாள்.
"ரப்பராக்கும் டாக்டரே," என்றாள்.
"எல்லாம் ரப்பரு."

பதினொரு வருஷ ரெஜிஸ்டரில்
விபத்து விபத்து என்றே எழுதியிருக்கிறேன்.
கொதிதண்ணீர் பட்ட பூனைக்கு,
கம்பி இறுகிய கழுத்துக்கு,
ஒரே வீட்டிலிருந்து வந்த நாலாவது குட்டிக்கு.
சின்ன ஊர். நாளைக்கும்
அவர்கள் ஆட்டுக்குத்தான் நான் ஊசிபோட வேண்டும்.

இன்றைக்கு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன்.
நீளம், அகலம், நிறம், எந்தப் பக்கம்.
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே.
துன்புறுத்தலாக இருக்கலாம் என்ற இடத்தில்
பேனா நின்றது. ரீஃபில் தீர்ந்திருந்தது, உண்மையாகவே.
வேறு பேனா வாங்கி எழுதினேன்.

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது,
நாலு நாளைக்கு நாய் இங்கேதான் என்று
வாசலுக்குக் கேட்கிற மாதிரி ஒரு பொய் சொன்னேன்.
தடுப்பூசி அட்டையில்
அடுத்த ஊசி என்ற கட்டத்தில் என் நம்பர்.
அவள் வாசித்தாள்.
அட்டையை மடக்கினாள்,
மடக்கியதை மறுபடி மடக்கினாள்,
எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

பைக் சத்தம் வளைவில் தேய்ந்த பிறகு
ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.
எடுத்தவர் கேட்டார், "நாய்க்கா டாக்டரே கேஸு?"
நாய்க்கும், என்றேன்.
அங்கே யாரோ சிரித்தார்கள். பெயரை மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஞானசிகாமணி அண்ணன்
துடைப்பத்தை எடுத்ததும் கூண்டுக்குள் லில்லி சுருண்டது.
அவர் ஒருதரம் அதைப் பார்த்தார்.
பிறகு குந்தி இருந்து,
துடைப்பத்தைத் தரையைவிட்டுத் தூக்காமல்
பெருக்கத் தொடங்கினார்.
அவருக்கு முட்டுவலி உண்டு.
பாதி அறைதான் முடிந்தது.

போன் மேசைமேல் கிடக்கிறது.
மழை வருவதற்குள் ஒருதரம்
சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.