அரசு இல்லாத மூன்று நாள்

எட்டு நாற்பதுக்கு வேன்.
எட்டு பத்துக்கே செருப்பு மாட்டிக்கொண்டு
கேட்டைப் பிடித்தபடி நிற்பான்.
முப்பத்தெட்டு வயது, முன்நெற்றி ஏறிவிட்டது,
தோளில் டிபன் பை.
"அரசு வந்தாச்சா?" என்பார் வேனில் வரும் ரமணியம்மா.
திருவரசு என்று வைத்தோம். தெருவுக்கு அரசு.
ஓட்டேரியில் சொன்ன நேரத்துக்கு வரும் அரசு
இவன் ஒருவன்தான்.

மாலை நான்கு வரை
வில்லிவாக்கத்தில் ஒரு மாடி.
பதினாறு பேர்
மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் மடிக்கிறார்கள்.
மாதம் இருநூற்றுப் பத்து ரூபாய்.
அதை என்னிடம் தரமாட்டான்.
தேங்காய் பன் வாங்கிப் பிட்டு
எது பெரிய பாதி என்று
இரண்டையும் வெகுநேரம் பார்ப்பான்.
பெரியது யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை.

போன மாதம் அங்கே ஓர் அறை திறந்தார்கள்.
வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விட, என்றார்கள்.
மூன்று இரவு விடலாம்.
எனக்கு எழுபத்தொன்று.
குடலிறக்க ஆபரேஷன் இரண்டு வருடமாக
'அடுத்த மாசம்'.
படிவம் தந்தார்கள்.
பழக்கங்கள் என்று போட்டு
ஒரே ஒரு கோடு.

நான் மெட்ரோ வாட்டரில் வால்வு திருப்பியவன்.
எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பதை
முப்பத்தொரு வருடம் மணிக்கட்டில் வைத்திருந்தேன்.
இதுவும் அப்படித்தான், எழுத வரவில்லை.
கோடு தீர்ந்து தாளின் முதுகுக்குப் போனேன்.

தலைக்கு ஊற்றும்போது சத்தமாக எண்ணவும்.
ஒன்பதில் நிறுத்திவிட வேண்டும்.
குக்கர் விசில் வருமுன் சொல்லிவிடவும்.
அம்மா எங்கே என்று கேட்டால்
ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள்.
செத்துப்போயிட்டாங்க என்றே சொல்லுங்கள், அவனுக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரி என்றால்
காத்திருப்பான்.

முதல் இரவு
மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
யாருக்காக?
எழுந்து திறந்தேன். மறுபடி போட்டேன்.
ஒன்றரைக்கு வழக்கம்போல் விழிப்பு.
பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன்.
யாரும் வரவில்லை.
நானே போய்விட்டு வந்தேன்.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் லீவு.
"திங்கட்கிழமை வாங்க பெரியவரே."
திங்கட்கிழமை அவன் வீட்டில் இருப்பான்.
திரும்பி வந்து பட்டப்பகலில் தூங்கினேன்.
கூப்பிட்டால் எழ வேண்டாத தூக்கம்.
எச்சில் ஒழுகித் தலையணை நனைந்திருந்தது.
நன்றாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் பேப்பர் மில்ஸ் ரோட்டில்
பிரஷர் மாத்திரை வாங்கினேன்.
கவரின் அடிமடிப்பில்
நகத்தால் மூன்று முறை இழுத்த தடம்.
ஒரு தடவை போதும்டா என்று
நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.
விளக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றதில்
கடைப் பையன் கேட்டான்,
"கிழிஞ்சிருக்கா சார்?"
கிழியாதுப்பா.
அது கிழியவே கிழியாது.

ஞாயிறு ஆட்டோவில் போய் இறங்கினேன்.
லீவு நாளிலும் ஒரு கட்டைப் பிரித்து
தரையில் பரப்பியிருந்தான்.
என்னைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டான்:
"அப்பா, உனக்கும் வேலை குடுத்துட்டாங்களா?"
உட்கார்ந்தேன். குடலிறக்கம் பிடித்துக்கொண்டது.
ஒரு தாளை மடித்து ஒருமுறை இழுத்தேன்.
வாங்கி, இன்னும் இரண்டு முறை இழுத்து,
என் பக்கம் வைக்காமல்
தன் அடுக்கில் வைத்துக்கொண்டான்.

இரவுக் காவலுக்கு இருக்கும் ஜோயல்
துண்டும் மிச்ச மாத்திரையும் எண்ணிக் கொடுத்தான்.
"தொந்தரவே இல்லைங்க.
ராத்திரி தானா எழுந்து, இருட்டுலயே போயிட்டு வந்து
படுத்துக்கிறாரு."

ஒன்றரை மணிக்கா, என்றேன்.

"மணி யாருங்க பார்த்தா."