இரண்டு மீட்டர் பத்து

பூங்கா வாசலில் குறுக்கே ஓர் இரும்புத் தடி.
தரையிலிருந்து இரண்டு மீட்டர் பத்து.
எங்கள் வேன் இரண்டு மீட்டர் பதினான்கு.
இந்த நான்கு சென்டிமீட்டரைத்தான்
மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் அது.
மஞ்சளைச் சுரண்டிச் சாம்பல் பூசியும்
கதவிடுக்கில் இன்னும் மஞ்சள்.
இருக்கைகளை விற்ற காசில் ஒரு கட்டில்,
கட்டிலுக்கடியில் தண்ணீர்த் தொட்டி,
சன்னல்களுக்குக் கறுப்புத் திரை, நான் தைத்தது.
கூரையில் ஒரு மின்விசிறி.
வில்லங்கம் அந்த விசிறிதான்.

கழற்றிவிடு என்றான் பட்டறை ஆ செங்.
விசிறி இல்லாமல் அதில் படுப்பதற்கு
நெத்திலியோடு வெயிலில் காயலாம் என்றார் தவநேசன்.
டயரில் காற்றை இறக்கலாம்.
தொட்டியை நிரப்பலாம்.
"நீயும் ஏறிக்கொண்டால் ஒரு சென்டிமீட்டர் தாழும்" என்றார்.
அன்று அவருக்கு ரசம் மட்டும்தான்.

பாலிக் பூலாவ் பக்கம்
டுரியான் தோப்புகளுக்கு நடுவே
யாரும் படமெடுத்துப் போடாத சின்னப் பூங்கா:
ஓர் ஓடை, ஆறு சிமெண்ட் மேசை, ஒரு கழிப்பறை.
காலை எட்டுக்குச் சங்கிலி அவிழும்,
மாலை ஆறுக்குப் பூட்டும்.
இரவு தங்கக் கூடாது என்று சிவப்பில் ஒரு பலகை.

போன் செய்தேன். காவலர் ரோஸ்லி எடுத்தார்.
"கேம்பர் வேனா? இங்கே ராத்திரி படுக்க முடியாதே, அக்கா."
"ராத்திரி படுக்க வரவில்லை, பகலில்தான்."
அந்தப் பக்கம் நீண்ட மௌனம்.
கணவரோடுதான் என்று
அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு விளக்கினேன்.
பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு ஏழு முதல் காலை ஏழு,
அவர் சோதனைப் பிரிவில், நான் பெட்டி கட்டும் பிரிவில்.
பதினொரு வருடமாக
ஊர் தூங்கும்போது விழித்திருந்து
ஊர் விழித்ததும் நான்காவது மாடியில் கண் மூடுகிறோம்.
மேல்வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள்.
ரொட்டிக்காரர் பத்து மணிக்கு ஹாரன் அடிக்கிறார்.
பத்து மணி எங்களுக்கு நடுச்சாமம்.
உங்கள் ஓடைச் சத்தம் எப்படி, பலமா? என்று கேட்டேன்.
மழைக்குப் பிறகு கொஞ்சம் பேசும் என்றார்.

திட்டம் சம்பளச் சீட்டின் பின்புறத்தில்.
ஏழு பத்து, கார்டு தட்டி வெளியே.
தெலுக் கும்பாரில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம்,
கோப்பி கிடையாது.
மலை வளைவுகளில் இரண்டாம் கியர், பின்னால் யார் திட்டினாலும்.
மூன்றாம் மேசையருகே சமதரை, தலை மேட்டுப்பக்கம்.
நாலு மணிக்கு ஓடையில் குளியல்.
ஏழுக்கு மறுபடி கார்டு.
எட்டரை முதல் மூன்றரை என்ற வரிக்கு எதிரே
அவர் ஒன்றும் எழுதவில்லை.
ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்,
தாள் முடிந்த பிறகும்
மேசை விரிப்பில் கொஞ்ச தூரம்.

நேற்று ரோஸ்லியே கூப்பிட்டார்.
அளவு நாடாவோடு வாசலில் நிற்கிறாராம்.
"இடப்பக்கம் இரண்டு பத்துதான்.
வலப்பக்கம் போன வருஷம் குப்பை லாரி இடித்து
மேலே வளைந்திருக்கிறது. இரண்டு பதினாறு.
உங்கள் விசிறி எந்தப் பக்கம்?"

போனைக் காதில் வைத்தபடியே
நான்கு மாடி இறங்கி ஓடினேன், தூக்கச் சட்டையோடு.
வலப்பக்கம்!
கார் நிறுத்துமிடத்தில் ஒரு பூனை திரும்பிப் பார்த்தது.

"அப்படியானால் வரலாம்" என்றவர்
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"வரும்போது வலம், போகும்போது இடமாகிவிடும், அக்கா.
பின்னாலேயே எடுத்துக்கொண்டு போங்கள்,
நான் நின்று கை காட்டுகிறேன்."

படியேறி வந்து எழுதினேன்,
அந்த நீளக் கோட்டுக்குக் கீழே:
ஐந்து ஐம்பது, ரிவர்ஸ்.