ஈர விறகு

முதலில் மின்சாரம், பிறகுதான் திருகாணி.
வரிசை மாறி ஒருமுறை
விரலில் பாடம் வாங்கியிருக்கிறேன்.

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை,
பெய்யாத மணிநேரத்தைத்தான் சொல்வார்கள்.
வீட்டுக்கு வீடு விறகடுப்பு.
கணினிப் பெட்டியைத் திறந்தால் போதும்,
அந்த வீடு எதை எரிக்கிறதென்று
விசிறி இறக்கைகள் சொல்லிவிடும்.
இவோன் பாரியெந்தோஸ்
ஈர விறகு வாங்குகிறாள். மலிவு. கரி ஒட்டும்.
கூடவே ஒரு சாம்பல் பூனை.
பூனையை நான் பார்க்கவில்லை,
அரைப் பூனை அளவு ரோமம்
தாய்ப்பலகைமேல் உறங்கிக்கொண்டிருந்தது.

"ஆயுசு முடிந்ததா? புதிது வாங்கணுமா?"
மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.
தூரிகை, காற்றுக் குப்பி, பல்குத்தும் குச்சி.
விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதணும்,
விட்டால்
பேய் பிடித்தாற்போல் சுற்றித் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

திரை எரிந்ததும் வாசலில் மூன்று காவலர்கள்.
ஒருவன் இலவசம்.
ஒருவன் முப்பது நாள் சோதனை, முடிந்து மூன்று வருஷம்.
ஒருவன் யாரென்றே தெரியவில்லை.
ஓர் உறையில் இரண்டு வாளே தங்காது, இங்கே மூன்று,
வருகிறவனை விட்டுவிட்டு
ஒருவர் பையை ஒருவர் துழாவிக்கொண்டு.
"உங்கள் கணினியில் 1,308 கிருமிகள்" என்று
சிவப்பாய்க் கத்தியதாம் ஒரு சன்னல்.
பயந்துபோய் 'சரி'யை அழுத்தினாளாம்.
கிருமி கிடக்கட்டும், இவோன்,
மேய்ந்துகொண்டிருந்தது வேலி.

இலவசக்காரன் போதும், அன்றாடம் புதுப்பித்தால்.
மற்ற இருவரையும் நீக்கினேன்.
'உறுதியாகவா? வருந்துவீர்கள்' என்றது.
வருந்தவில்லை.

'நாளை நினைவூட்டு.'
போன ஏப்ரலிலிருந்து எல்லா நாளைகளும்
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.
இறக்கி முடிக்க இரண்டு மணிநேரம்.
வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் மின்கட்டணத்துக்கும்
ஒரே கடவுச்சொல், பூனையின் பெயர்.
விசைப்பலகைக்கு அடியில்
மஞ்சள் சீட்டிலும் அதுவே.
பெயரை இங்கே சொல்லமாட்டேன்.
மாற்றிவிட்டாள்தான், இருந்தாலும்.

வேண்டாததைத் துடைத்துக்கொண்டே வந்து
குப்பைத் தொட்டியில் நின்றேன்.
கேட்காமல் காலி செய்வதில்லை.
அப்படிக் கேட்காமல்
ஒருவரின் கல்யாணத்தையே காலி செய்திருக்கிறேன்,
எண்ணூறு படங்கள்.

ராஜினாமா 1. ராஜினாமா 2.
இருபத்து மூன்று வரை.
எல்லாம் ஞாயிறு இரவு எழுதியவை,
திங்கள் விடியுமுன் அழித்தவை.
திறக்கவில்லை. பெயரும் தேதியும்
கண்ணில் பட்டால் நான் என்ன செய்ய?
எந்த சால்மன் ஆலைக்குக் கணக்கு எழுதுகிறாள் என்பதை
சுவரில் தொங்கிய இலவச நாட்காட்டி
முன்னமே சொல்லியிருந்தது.

"காலி செய்யவா?"
அடுப்பில் ஒரு கட்டை வைத்தாள். சீறியது.
"எவ்வளவு இடம் மிச்சமாகும்?"
"அரைப் புகைப்படம்கூட வராது."

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில்
காப்புப் பிரதிக்கான வட்டைச் செருகினேன்.
இதை இங்கே வைக்காதே, தங்கை வீட்டில் வை,
தரை ஆடுகிற ஊர்,
இரண்டும் ஒரே மேசையிலிருந்துதான் விழும்.
எதையெல்லாம் நகலெடுக்க?
படங்கள். வரிச் சீட்டுகள்.
பிறகு சுட்டியை என் கையிலிருந்து வாங்கினாள்.
பதினேழாவதை மட்டும்
'மீட்டெடு'.
அதையும் வட்டில் போட்டாள்.
மற்றதை அவளே காலி செய்தாள்.
காகிதம் கசங்குகிற அந்தப் பொய்ச்சத்தம் வந்தது.

திரும்ப எழ நாற்பது வினாடி.
முன்பு ஆறு நிமிடமாம்.
"அந்த ஆறு நிமிடத்தில்தான்
மாத்தே தேநீர் போடுவேன்.
இனி எப்போது போடுவது?"
குறையாகத்தான் சொன்னாள்.
ரசீது எழுதினேன்.
விசிறி ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க
தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.
"இவ்வளவு நேரமும் பெய்துகொண்டா இருந்தது?"

பூனை கடைசிவரை வெளியே வரவில்லை.