கழிவு போக

எட்டாயிரம் என்றான் குன்னூர் எட்வின்,
பைக்கை விட்டு இறங்காமலே.
பீளமேட்டில் இருந்து வந்த தாளில் அறுபத்தைந்தாயிரம்,
கீழே பொடி எழுத்தில் வரி தனி.
பெங்களூர்க்காரர்கள் விலையே சொல்லவில்லை.
ஒரு கால் பேசலாமா மேடம் என்று
மூன்று முறை கேட்டார்கள்,
நாலாவது முறை
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

மூன்றும் ஒரே சாமானா?
தேயிலை என்றால் சொல்லிவிடுவேன்.
கொழுந்தைக் கையில் அள்ளினால்
காலையில் பறித்ததா, நேற்றைய மூட்டையா,
எடை ஏறச் சாக்கில் தண்ணீர் தெளித்ததா,
மூக்கு சொல்லும்.
வெப்சைட்டை எங்கே முகர்வது?
ஹோஸ்டிங் என்றார்கள், ரெஸ்பான்சிவ் என்றார்கள்,
எஸ்.இ.ஓ. என்றபோது
ஏதோ பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் போல
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
அந்தத் தலையாட்டலையும் விலையில் சேர்த்திருப்பார்கள்.

இருபது வருஷம் ஃபேக்டரிக்குக் கொழுந்து போட்டவள்.
அங்கே விலை சாக்பீஸில் இருக்கும்,
போர்டைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்போம்.
நூறு கிலோ நிறுத்தால்
ஈரத்துக்குப் பத்து, சாக்குக்கு இரண்டு,
கழிவு போக எண்பத்தெட்டு.
ஏன் பத்து என்று கேட்டவர்களின் மூட்டை
மறுநாள் கடைசியாக இறங்கும்.

பெள்ளிதான் கேட்டாள்,
இலை உருட்டுகிற மிஷின் வாங்கினோமே,
முதலில் என்ன செய்தோம்?
ஷெட் கதவை அளந்தோம்.
அதற்கு அப்புறம்தானே விலை கேட்டோம்?

அன்று ராத்திரி கரண்ட் இல்லை,
அரவேணுவில் ஐப்பசி என்றால் அப்படித்தான்.
செல்போன் வெளிச்சத்தில்
பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
கதவை அளந்தோம்.
தேயிலை மூன்று வகை: வெள்ளை முனை, பச்சை, பனிக்காலத்து இலை.
தமிழும் இங்கிலீஷும்.
விலையை நாங்களே மாற்ற வேண்டும், யாரையும் கெஞ்சாமல்.
காட்டெருமைப் படம் வேண்டாம்.
(யானையும், என்றாள் பெள்ளி.)
ஆர்டர் வந்தால் போன் கத்த வேண்டும்,
நாங்கள் ஷெட்டில் இருப்போம், காது கேட்காது.
போட்டோ யார் எடுப்பது?
இரண்டாம் வருஷம் எவ்வளவு, மூன்றாம் வருஷம் எவ்வளவு?
எழுதி முடித்த பிறகு மறுபடி பேனாவைத் திறந்து,
அடிக்கோடிட்டு:
பட்டா யார் பேரில்?

அதே தாள்தான் மூன்று பேருக்கும் போனது.
பெங்களூர் அடங்கிவிட்டது.
பீளமேடு விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டு,
பெயர் எங்கள் கணக்கில்தான் இருக்கும் மேடம்,
உங்கள் பாதுகாப்புக்காக, என்று எழுதியது.

பாதுகாப்பு.
அப்பாவின் ஒன்றரை ஏக்கர்
பதினோரு வருஷம்
அப்படித்தான் ஒருத்தர் பேரில்
பாதுகாப்பாக இருந்தது.

இதை முகர முடிந்தது.

எட்வினின் எட்டாயிரம் பத்தொன்பதாயிரம் ஆகியிருந்தது.
முதலில் கோபம்தான்.
பிறகு வரிவரியாக வாசித்தோம்:
பெயருக்கு இவ்வளவு, அது உங்கள் பேரில்.
இடத்துக்கு வருஷ வாடகை இவ்வளவு, நேரே நீங்களே கட்டலாம்.
என் வேலை பன்னிரண்டு நாள்.
பணம் வாங்குகிற பகுதி நான் இதுவரை செய்ததில்லை,
கேட்டுச் சொல்கிறேன்.
அடியில் ஒரு கேள்வி:
வெள்ளை முனை என்றால் என்ன?
ஒரு டம்ளர் கிடைத்தால் எழுத வசதி.

வந்தான். இந்த முறை பைக்கை விட்டு இறங்கினான்.
குடித்துவிட்டு, சர்க்கரை இல்லையா என்றான்.
பெள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்தொன்பது நியாயமா?
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பதினெட்டு என்றேன், வாய் பழகட்டும் என்று.
குரல் கொஞ்சம் உடைந்தது, அவன் கவனிக்கவில்லை.
போட்டோவை நீங்களே எடுத்துத் தந்தால் பதினெட்டு, என்றான்.

எடுக்கிறோம்.
மழை விடட்டும்.
மூன்று நாளாக
எதிர்மேட்டுத் தோட்டமே கண்ணில் படவில்லை.