இருக்கிறதுக்கு இல்லாத கதிரை

கண்டெய்னர் கொழும்பில் பதினொரு நாள் கிடந்தது.
சுங்கக்காரப் பெடியன் பட்டியலை உரக்க வாசித்தான்:
பழைய கதிரை ஆறு. பழைய கண்ணாடி ஒன்று.
பழைய அலுமாரி. பழைய திரைச்சீலை.
"என்னக்கா, பிரான்சில புதுச் சாமான் விக்கிறேல்லையோ?"

டச்சுக் குடாவுக்கு முதுகு காட்டி நிற்கிற வீடு.
ஓடு மாற்றி, கறையான் தின்ற வளை மாற்றி,
சுவரைச் சுரண்டச் சுரண்ட
நீலம், அதன் கீழ் பச்சை, அதன் கீழ் ஒரு காவி.
உள்ளறைக் கதவில் மட்டும்
கறுப்பு மையில் அச்சுக்குத்திய இலக்கம்: 14.
நாங்கள் போன பிறகு யாரோ இருந்து
அறைகளை எண்ணியிருக்கிறார்கள்.
பைறூஸ் உளியோடு என்னைப் பார்த்தார்.
"சீவவா?"
"விடுங்கோ, பிறகு யோசிப்பம்."
இன்னும் யோசிக்கவில்லை.

அலுமாரி வாசலுக்குள் வரவில்லை.
நாலு பேர் தூக்கி, சரித்து, படுக்கப்போட்டு,
கடைசியில் நிலையோடு கதவைக் கழற்றினோம்.
வீட்டுக்கு அலுமாரியா, அலுமாரிக்கு வீடா என்று
மீன்காரர் சைக்கிளை நிற்பாட்டிக் கேட்டார்.

பரிசுக்குப் போன முதல் கிழமை
அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.
மதாம் விரல் நீட்டிச் சொன்னாள்: குய்சீன்.
குசினி!
இருபது வயதில், யாரோ தந்த குளிரங்கியோடு,
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.
ஆர்முவார் என்றாள். அலுமாரியும் பிடிபட்டது.
கதிரைதான் பிடிபடவில்லை.

பொன்முலாம் பூசிய கால், வெளிர்நீலப் பட்டு,
முதுகில் செதுக்கிய சிப்பி.
"இது இருக்கிறதுக்கு இல்லை" என்பதை
பாதி குனிந்து, நிமிர்ந்து, விரலை ஆட்டி
நடித்துக் காட்டினாள்.
பத்தொன்பது வருடம்
அந்தச் சிப்பியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும்
பஞ்சுக்குச்சி விட்டுத் தூசெடுத்தேன்.
ஒரு நாளும் இருக்கவில்லை.
வீட்டில் ஆளில்லாத நாளிலும்.

இவை அவளுடையவை அல்ல.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் மழைக்குள் நின்று
ஒன்றொன்றாய்ப் பேரம் பேசி எடுத்தவை.
இரண்டு அசல் இல்லை என்று விற்றவனே சொன்னான்.
பரவாயில்லை,
நான் போன பாஸ்போர்ட்டிலும்
வேறொருத்தியின் பெயர்தான் இருந்தது.

உப்புக்காற்றில் முலாம் பொரிகிறது.
மேசை லாச்சி ஈரத்துக்கு ஊதி
கரண்ட் பில்லை உள்ளே வைத்துக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது.
கண்ணாடியின் விளிம்பில் கடல் தெரிகிறது,
கொஞ்சம் மஞ்சளாக.

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்தேன்.
ஆறு கதிரைகளுக்கு நடுவே
பைறூஸ் நிலத்தில் குந்தியிருந்தார்.
"கதிரையில இருங்கோவன்."
"வேணாம், உடுப்பெல்லாம் மரத்தூள்."
"ஓம், பட்டு, கவனம்" என்றது என் வாய்.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
விரல்கூடக் கொஞ்சம் ஆடியது.

அவர் ஒன்றும் நினைத்ததாய்த் தெரியவில்லை.
பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டார்.
பிறகு கேட்டார்:
"நீங்க இருந்து பார்த்தீங்களா?"

சாமான் வந்து ஆறு கிழமை.
நான் போய் இருந்தேன், நுனியில்.
ஸ்பிரிங் முனகியது.
அவரும் எழும்பி, சாரத்தை ஒருக்கா உதறி,
பக்கத்துக் கதிரையில் இருந்தார்.
இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்தபடி
பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களைப் போல.

நிலை இன்னும் பூட்டவில்லை.
இன்று விடியப்புறம், கதவில்லாத வாசலால்
ஊர் மான் ஒன்று உள்ளே வந்து
திரைச்சீலையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.
சிவப்பு மையில் அச்சான பிரெஞ்சுத் தோட்டம்:
இடையனையும் புல்லாங்குழலையும்
முக்கால்வாசி ஆட்டையும் தின்று
இப்போது மரத்துக்கு வந்திருக்கிறது.
மீட்டர் முப்பத்தெட்டு யூரோ.

எழும்பிக் கலைக்கத்தான் வேணும்.
கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.