நூற்று முப்பத்தொன்றாம் பக்கம்

சிம்மக்கல் நூலக முத்திரை விழுந்த புத்தகம்.
சாயங்காலத்துக்குள் முழுசும் வேணும்,
ஸ்பைரல் போட்டு, என்று சொல்லிப் போனாள்
ஆராய்ச்சி மாணவி.
இருநூற்று நாற்பது பக்கம்.
கண்ணாடிமேல் குப்புறக் கிடத்தி
மூடியை அழுத்தினால்
விளிம்பில் ஒரு பச்சை வெளிச்சம் ஓடும்.
அப்படித்தான் படித்தேன்
பேபி மஞ்சரியின் வாழ்க்கையை:
இரண்டிரண்டு பக்கமாக,
தாளின் சூடு ஆறுவதற்குள்.

நான்கு வயதில் முதல் படம்.
அழ வேண்டிய காட்சிகளில்
கேமராவுக்குத் தெரியாமல்
அம்மா தொடையில் கிள்ளுவாளாம்.
கிள்ளுவது நின்றுபோன பிறகும்
'ஆக்‌ஷன்' என்று யார் சொன்னாலும்
தொடைதான் முதலில் எரியுமாம்.
பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினேழு நாள்.
அதில் ஆறு நாள்
செட்டில் போட்ட பள்ளிக்கூடம்.
பால்பல் விழுந்த அன்று
மெழுகில் ஒரு பல் செய்து ஒட்டினார்களாம்,
முந்தின நாள் எடுத்த சிரிப்போடு
ஒத்துப்போக வேண்டுமென்று.

இடையில் ஒருவர் ஆதார் அட்டை நீட்டினார்.
முன்னும் பின்னும் ஒரே தாளில்.
எடுத்துக் கொடுத்துவிட்டு
மறுபடி மஞ்சரி.

"மதுரைத் தெப்பக்குளத்தில் நான் குதித்தேன்."

மூடியைப் போட மறந்துவிட்டேன்.
வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது.

இல்லையம்மா.
குதித்தது நான்.

அனுப்பானடி சோணைமுத்து,
ஆறாம் வகுப்பு பி பிரிவு.
தைத் தெப்பம் முடிந்து
தண்ணீர் இன்னும் வற்றாத வாரம்.
அவள் பையன் வேஷம் கட்டியிருந்தாள்.
எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே கிராப்பு.
கல்சுவர் மேலிருந்து ஐந்து முறை.
நாலாவது முறை நன்றாக வந்ததாம்,
எவனோ குறுக்கே சைக்கிளில் போய்விட்டான்.
கூலி பதினைந்து ரூபாய்,
ஒரு பொட்டலம் தக்காளிச் சாதம்.
திரையில் என் முதுகு நான்கு விநாடி.

அந்த நான்கு விநாடியை வைத்து
நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.
கல்யாணமான புதிதில் டிவியில் படம் போட்டார்கள்.
அது நான்தான், என்றேன் கோமதியிடம்.
அதற்குள் குதித்த பிள்ளை
தலை சொட்டச் சொட்டப் படியேறி வந்து
எங்களைப் பார்த்துச் சிரித்தது.
"பொம்பளப்பிள்ள மாதிரில்ல இருக்கு?"
சின்னதுல அப்படித்தான் இருப்பேன், என்றேன்.

பக்கத்தை மிச்சமும் படித்தேன்.
"எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன்.
எலும்புவரை குளிர்ந்தது.
காலரில் ஒட்டியிருந்த பாசியின் நாற்றம்
இன்றும் மூக்கில் இருக்கிறது."

காலரில்.

குளத்தில் காலே நனைக்காதவளுக்கு
பாசி எப்படித் தெரியும்?
என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது:
சட்டை ஒன்றுதான்.
நீலக் கட்டம் போட்டது.
கரையேறியதும் உடுப்புக்காரர்
பொத்தான்கூடக் கழற்றாமல்
என் தலைவழியாக உருவினார்.
பிழியவில்லை.
அப்படியே அவளுக்கு மாட்டி
தலையில் ஒரு வாளி ஊற்றி
கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள்.
அவளுக்குப் பல் கிட்டியது.
"பாப்பா என்னமா நடுங்குது!" என்று
டைரக்டர் கைதட்டினார்.
நான் துண்டைச் சுற்றிக்கொண்டு
பெரிய லைட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.
அங்கே கதகதப்பாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல்.
ஊசி போட்டுக் காரைக்குடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.
எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததாக நினைவில்லை.

ஆறு மணிக்கு மாணவி வந்தாள்.
தாள்களைப் புரட்டினாள்.
"அண்ணே, இது ரெண்டு தடவ வந்திருக்கு."
கணக்குல சேக்கல, ஒண்ண இப்படிக் குடும்மா, என்று வாங்கி
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
அவள் அந்தப் பக்கத்திலேயே நின்றாள்.
"நீச்சல் தெரியாதுன்னு போட்டிருக்கே.
நெஜமாவே குதிச்சிருப்பாங்களா?"

குதிச்சாங்க, என்றேன்.
நான் பக்கத்துலதான் நின்னேன்.

சில்லறை இல்லை என்று
போனை எடுத்தாள்.