பதினைந்து கோட்டுகள்

அந்த அறைக்குள் யார் என்ன பேசினார் என்று
வெளியே சொல்வது குற்றம். சொல்லமாட்டேன்.
கோட்டுகளைப் பற்றிச் சொல்லலாம்;
கோட்டுகள் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை.

அபெர்டீன், பிப்ரவரி, விட்டு விட்டுத் தூறல்.
சுவரில் பன்னிரண்டு கொக்கிகள்.
ஸ்காட்லாந்தில் ஜூரி பதினைந்து பேர் என்பதைத்
தச்சனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
மிஞ்சிய மூன்றும் ஹீட்டர்மேல் கிடந்து
ஈர ஆட்டின் வாடையைக் கிளப்பின.

துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, சலவைக்கடையில்
பத்தொன்பது வருடமாக நிற்கிறேன்.
துணி வந்தால் போதும், ஆள் வரவேண்டாம் எனக்கு.
மீன் ஏலம் போடும் டோட் மட்ச்:
கைவிளிம்பில் செதில், இடது பையில் ஓட்டை.
பள்ளிச் சமையல்காரி எல்ஸ்பெத்:
இரவல் கோட்டு, விரல்நுனி மட்டுமே வெளியே.
எண்ணெய்க் கம்பெனிப் பையன் ஒருவனுடையது
அன்றுதான் வாங்கியது,
விலைச்சீட்டு தொங்கிய நூல்கூட அப்படியே.
ஒருவனை ஆயுள் முழுக்க உள்ளே வைக்கலாமா என்று
யோசிப்பதற்காக உடுத்தி வந்திருந்தான்.

பதினாறாவது கோட்டு பிளாஸ்டிக் உறைக்குள்.
சான்றுப்பொருள் பதினொன்று.
இன்னிஸ் ரெட்டியுடையது.

அலிஸ்டர் டூகிட் கப்பல்துறையில் மூழ்கிச் செத்த இரவு
தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றான் இன்னிஸ்.
மதுக்கடையில் இருவருக்கும் தகராறு, நாற்பது பவுண்டுக்காக.
ஒரு கூப்பாடு, அப்புறம் தண்ணீர்ச் சத்தம்
என்றார் படகுக் காவலாளி.
வக்கீல்கள் ஆறு நாள் பேசினார்கள்.
கோட்டின் வலது கையில் முழங்கை வரை ஏறியிருந்த
வெள்ளை வரியைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உப்பு.
கடல்நீர் காய்ந்தால் கம்பளியில் அப்படித்தான் நிற்கும்.
மழைக்கு அந்த வரி வராது.
மண்டியிட்டுக் கையை நீட்டியிருக்கிறான்.
தூக்கவா? அமுக்கவா?
இரண்டுக்கும் முழங்கை வரைதான் நனையும்.

மூன்று தீர்ப்புகள் உண்டு என்றார் நீதிபதி.
குற்றவாளி. குற்றவாளி அல்ல. நிரூபிக்கப்படவில்லை.
பின்னிரண்டிலும் ஆள் வீட்டுக்குப் போவான்.
அப்படியானால் இரண்டு எதற்கு என்று அவர் சொல்லவில்லை,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
எட்டுப் பேர் போதும் என்றார்.

எங்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம்
என்பதைச் சொல்லமாட்டேன்.
நான் கையைத் தூக்கியபோது
சட்டைக்கை வழுக்கி முழங்கையில் வந்து நின்றது,
அதே அளவு.
சொல்லிவிட்டேனா?
இந்த வரிகளை அடித்துவிடவேண்டும்.

சாயங்காலம் இன்னிஸ் ரெட்டி படியிறங்கிப் போனான்,
மெல்லிய சட்டையோடு, மழைக்குள்.
நாங்கள் அவரவர் கோட்டைத் தேடி,
தோள் இடித்து, மன்னிப்புக் கேட்டு,
பஸ்ஸுக்கு ஓடினோம்.
இப்போதெல்லாம் எதிரே வந்தால்
டோட் மட்ச் கடை ஜன்னல்களைப் பார்க்கிறார்.

ஏப்ரல் கடைசித் திங்கள், கடை திறந்த கையோடு
ஒரு பெண் வந்தாள்.
போலீஸ் திருப்பித் தந்த காகிதப் பை.
தம்பியின் உடுப்பு. யாராவது இல்லாதவருக்குக் கொடுக்கலாம் என்று.
அழுக்காகவா கொடுப்பது, என்றாள்.
பெயர்?
டூகிட்.
சீட்டில் எழுதி நிமிர்ந்தேன்.
இரண்டாவது வரிசை, என்றாள், பச்சை ஸ்கார்ஃப்.
ஆமாம் என்றேன்.
எப்போது கிடைக்கும்?
வியாழன்.

உள்ளே அவனுடைய கோட்டும் இருக்கிறது.
பிடரியில் காலர்த் தையல் விட்டிருந்தால்
மேலே இழுத்த பிடியா, கீழே அழுத்திய பிடியா என்று
நூலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
சொல்லிவிடுவேன் என்றுதான்
பத்தொன்பது வருடமாக நினைத்திருக்கிறேன்.

இன்று புதன்.
பையின் வாய்
அவள் மடித்துக் கொடுத்தபடியே இருக்கிறது.